சூளைப் பிள்ளைகளின் பட்டியல்

மார்ச் 2

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதி வாங்கியது அல்ல. கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நண்டு நடந்த மாதிரி இருக்கும். இந்த நான்கு வரிக்குள் டீ ஆறிப்போய்விட்டது.

நம் லாரிக்காரரின் மனைவி போன வருடத்திலிருந்து சாயங்காலம் எழுத்துச் சொல்லித் தருகிறாள். பதினோரு பேர் சேர்ந்தோம், இப்போது நான்கு பேர். மற்றவர்கள் நாள் முழுக்க செங்கல் அறுத்துவிட்டு வந்து சிலேட்டின் மேலேயே தூங்கிவிடுகிறார்கள். எனக்குத் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டால் தொட்டி நிறையும்வரை வேலை இல்லை. அறுபத்தெட்டு வயதில் வகுப்பில் நான்தான் முதல். இதை உன் தம்பிக்கும் எழுதிப் போட்டேன். வெளிநாட்டில் அவன் கம்பெனியில் எல்லோரிடமும் காட்டினானாம்.

கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கிறேன். சிமெண்ட் மூட்டை, லாரியின் முதுகு, தீப்பெட்டி. மோட்டாரில் ஒரு தகடு இருக்கிறது, 'மூடி இல்லாமல் இயக்கக் கூடாது' என்று. ஒன்பது வருடமாக மூடி இல்லாமல்தான் இயக்கிக்கொண்டிருக்கிறேன்.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ "சாப்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா" என்று இரண்டு கேள்வி கேட்பாய். நான் "ஆச்சும்மா, ஆச்சும்மா" என்று இரண்டு பதில் சொல்வேன். உடனே போனைப் பேரன் கைக்கு மாற்றிவிடுவாய். கடிதம் என்றால் கடைசிவரை நீதானே வாசித்தாக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பள்ளிக்கூடச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 'பத்தாம் தேதி எல்லாப் பிள்ளைகளுக்கும் குடற்புழு நீக்க மாத்திரை.' நின்று முழுவதும் வாசித்தேன். உன் வேலையும் இதுதானே என்று சந்தோஷமாக இருந்தது. உள்ளே போய்த் தலைமையாசிரியரிடம், சூளைப் பிள்ளைகளை எத்தனை மணிக்கு அழைத்து வரட்டும் என்று கேட்டேன்.

"எல்லாப் பிள்ளைகள்னா எங்க வருகைப் பதிவேட்டுல இருக்கிற எல்லாப் பிள்ளைகளும், பெரியவரே."

"அப்ப எங்க பிள்ளைங்க?"

"அவங்க எந்தப் பதிவேட்டுல இருக்காங்களோ அங்க கேளுங்க. எனக்கு எண்ணித்தான் மாத்திரை வருது."

நல்ல மனிதர்தான், நாற்காலி போட்டுத்தான் பேசினார். ஆனால் இவர்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள்? தை மாதம் லாரியில் வந்து இறங்குகிறார்கள், மழை வந்ததும் போய்விடுகிறார்கள். எல்லாம் வெறுங்கால். சூளைக்குப் பின்னால்தான் ஒதுங்குகிறார்கள். நீ சொல். மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
அப்பா


மார்ச் 5

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. லாரிக்காரர் சுகாதார நிலையத்தின் வாசலிலேயே நின்று, "உங்கப்பா எழுதினது, அவரே எழுதினது" என்று வரிசையில் நின்ற நோயாளிகள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். டாக்டரும் வாங்கிப் பார்த்தார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் சூளை எங்கள் நிலையத்தின் எல்லையில் வரவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலையத்தைக் கேட்டேன். தங்கள் வரைபடம் ஓடையோடு முடிகிறது என்றார்கள். எங்கள் வரைபடம் சாலையோடு முடிகிறது. நீங்கள் இருப்பது நடுவில்.

டாக்டரிடம் பேசிவிட்டேன். பத்தாம் தேதி விடுபட்டவர்களுக்குப் பதினெட்டாம் தேதி மறுபடி கொடுப்போம். அன்று சூளைக்கு வரலாம் என்றார். அதற்கு எழுத்தில் பட்டியல் வேண்டும். பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்த அறை. எத்தனை பெயரோ அத்தனை மாத்திரைதான் வாங்க முடியும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அரை மாத்திரை, ஒரு வயதுக்குக் கீழே கிடையாது. அதனால் சிறியவர்களின் வயதை விசாரித்து எழுதுங்கள். பன்னிரண்டாம் தேதிக்குள் வேண்டும்.

இதோடு ஒரு துண்டறிக்கை வைத்திருக்கிறேன். பெற்றோர் கேட்டால் வாசித்துக் காட்டுங்கள். மாத்திரை போட்டதும் ஒன்றிரண்டு பேருக்கு வயிறு பிசையும், வாந்தி வரலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

மகள்


மார்ச் 11

அன்புள்ள மகளுக்கு,

பட்டியல் முடிந்தது. முப்பத்து நான்கு பேர். நோட்டில் கோடு போட்டு, நாலு கட்டமாகப் பிரித்து எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் சர்க்கார் காகிதம் இது.

பெயர்தான் பெரிய பாடு. ஒருவன் 'சில்லு' என்றான். சொந்தப் பெயர் என்னடா என்றால், அதுதான் என்கிறான். அவன் அம்மாவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "ஒண்ணு வச்சோம், கூப்பிட்டுப் பழக்கமில்லை" என்றாள். ஒட்டடை, குண்டூசி, ரெட்டைச் சுழி என்றே எழுதியிருக்கிறேன். டாக்டர் தப்பாக நினைக்காமல் நீதான் சொல்ல வேண்டும்.

வயது அதைவிடக் கஷ்டம். "பெரிய வெள்ளம் வந்த வருஷம் பொறந்தான்" என்றாள் ஒருத்தி. எந்த வெள்ளம் என்றேன். "எங்க ஊர் வெள்ளம்" என்றாள். பல் விழுந்து முளைத்ததைப் பார்த்து, ஏழு, எட்டு என்று போட்டிருக்கிறேன்.

பாதியில் மேஸ்திரி வந்துவிட்டார்.

"என்ன பெரியவரே, நோட்டும் கையுமா? பிள்ளைங்க கல் புரட்டுதுன்னு யாருக்காவது எழுதிப் போடறீங்களா?"

"வயித்துப் புழுவுக்கு மாத்திரைங்க. என் பொண்ணு கொண்டுவருது."

"புழு இல்லாத வயிறு எது? எனக்குந்தான் இருக்கும்."

"உங்களுக்கு இருக்கிறது புழு இல்லைங்க, தொப்பை."

களம் முழுக்கச் சிரித்துவிட்டது. அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வேலை நேரத்துல அரை மணி, அதுக்கு மேல நிறுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மாத்திரை போட்டால் பிள்ளைகள் மயங்கி விழும் என்று இரண்டு அம்மாக்கள் பயந்தார்கள். உன் துண்டறிக்கையின் முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன். நான் வாசித்து முடிப்பதற்குள் அவர்களுக்குப் பயம் போய் அலுப்பு வந்துவிட்டது. சரி, கொடுங்க என்றார்கள்.

பதினெட்டாம் தேதி நீயே வருவாயா, வேறு யாரையாவது அனுப்புவாயா? நீ வந்தால் நன்றாக இருக்கும். நான் இங்கே சேர்ந்த பிறகு நீ ஒரு முறையும் வந்ததில்லை.

இப்படிக்கு,
அப்பா


மார்ச் 13

அப்பாவுக்கு,

பட்டியலைப் பார்த்தேன். முப்பத்து நான்கில் முப்பத்தொன்று ஆண், மூன்று பெண். எந்த ஊரிலும் பிள்ளைகள் இப்படிப் பிறப்பதில்லை.

நீங்கள் எங்கே நின்று எழுதினீர்கள் என்று இங்கிருந்தே சொல்வேன். பச்சைக் கல் காயும் களத்தில், கல் புரட்டும் நேரத்தில், மேஸ்திரி தலை எண்ணுவாரே, அதே இடத்தில். களத்துக்கு வருபவர்கள்தான் சூளையில் கணக்கு. பெண் பிள்ளைகள் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

தம்பி பிறந்ததிலிருந்து அவனுக்கு ஐந்து வயது ஆகும்வரை நான் களத்துக்கு வந்ததில்லை. மூன்று சூளையில், மூன்று அறையில், அவனோடு இருந்தேன். எந்த மேஸ்திரியும் என்னை எண்ணியதில்லை. நீங்கள் எண்ணினீர்களா என்று எனக்குத் தெரியாது.

இதை இப்படியே கொடுத்தால் முப்பத்து நான்கு மாத்திரைதான் வரும். டாக்டரிடம் பதினாறாம் தேதிவரை தவணை கேட்டிருக்கிறேன். மறுபடி எழுதி அனுப்புங்கள்.

மகள்


மார்ச் 15

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை எனக்கு எழுத்துதான் தெரிந்தது. மூன்றாவது முறைதான் நீ சொன்னது தெரிந்தது.

நேற்றுக் காலை தொட்டி நிறைந்ததும் அறை அறையாகப் போனேன். இருபத்தாறு அறை. பெரியவர்கள் எல்லாம் களத்து வேலையில் இருந்த நேரம். பதினொரு கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. திறந்திருந்தால் குழந்தை தவழ்ந்து மண் குழிப் பக்கம் போய்விடும் என்று பயம். உள்ளே அக்காவும் குழந்தையும். நான் ஒன்பது வருடமாக இந்தக் கதவுகளைத் தாண்டித்தான் மோட்டார் அறைக்குப் போகிறேன்.

ஒரு கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"மோட்டார்காரன்."

"தண்ணி வரலையா?"

"வருது. உன் பேரை எழுதணும், சொல்லு."

"எதுக்கு? நான் ஒண்ணும் எடுக்கலையே."

வயிற்றுப் புழுவுக்கு மாத்திரை என்று சொன்னேன். அவள் தன் பெயரை விட்டுவிட்டு, இடுப்பில் இருந்த குழந்தையின் பெயரை முதலில் சொன்னாள். ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நான் பெண்ணின் பெயரை முதலில் எழுதி, குழந்தையை அடுத்த வரியில் எழுதினேன்.

புதிதாகப் பெண் பிள்ளைகள் இருபத்திரண்டு. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகள் ஒன்பது. பழையதோடு சேர்த்து அறுபத்தைந்து. புதுப் பட்டியல் இதோடு இருக்கிறது.

ஒன்று எழுத வேண்டும். எழுதாமல் அனுப்பலாம் என்றுதான் இருந்தேன்.

ஓர் அறையில் ஒரு பெண், எட்டு வயது இருக்கும், சுடாத பச்சைக் கல்லின் மூலையை உடைத்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். பார்த்ததும் என் கை தானாக ஓங்கிவிட்டது. அவள் குழந்தையின் தலையைத் தன் கையால் மறைத்துக்கொண்டாள். நான் கையை இறக்கிவிட்டு வந்துவிட்டேன்.

மோட்டார் அறையில் உட்கார்ந்து, உன் துண்டறிக்கையின் அடுத்த பக்கத்தை வாசித்தேன். அன்றைக்கு அம்மாக்களுக்கு முதல் பக்கம்தான் வாசித்திருந்தேன். கொக்கிப்புழு வெறுங்கால் வழியாக ஏறும், வயிற்றில் இருந்து இரத்தம் குடிக்கும் என்று இருந்தது. இரத்தம் குறைந்த பிள்ளைக்கு மண், சாம்பல் தின்னத் தோன்றும், அது கெட்ட பழக்கம் அல்ல, நோயின் அடையாளம், அடிக்கக் கூடாது என்று இருந்தது.

உன்னை அதற்காக எத்தனை தடவை அடித்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. ஒரு தடவை அச்சுப் பலகையால் அடித்தேன். உன் அம்மா குறுக்கே வந்தாள், அவளுக்கும் பட்டது. நீ வெளுத்துப் போய், வயிறு மட்டும் பெரிதாக இருந்தாய். திருட்டுத்தனமாக மண் தின்கிற பிள்ளை என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். உனக்கு அப்போது உடம்பு சரியில்லை. அது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

வாசிக்கக் கற்றது நல்லதுதானா என்று நேற்று கொஞ்ச நேரம் தோன்றியது. நல்லதுதான்.

இப்படிக்கு,
அப்பா


மார்ச் 16

அப்பாவுக்கு,

அறுபத்தைந்துக்கும் அனுமதி கிடைத்தது. பதினெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு நானும் ஓர் உதவியாளரும் வருகிறோம்.

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் இரண்டு குடம் வேண்டும். யாரும் வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை, சாப்பிட்டே வரலாம். காய்ச்சலில் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தனியாகக் காட்டுங்கள். மாத்திரையை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று யார் கேட்டாலும் கிடையாது, என் கண் முன்னால் மென்று முழுங்க வேண்டும். மேஸ்திரி கேட்டாலும் கிடையாது. தாழ்ப்பாளை அம்மாக்களே வந்து திறக்கட்டும், நீங்கள் திறக்காதீர்கள். பிள்ளைகள் பயப்படுவார்கள்.

மண் தின்ற பெண் எந்த அறை என்று நீங்கள் எழுதவில்லை. லாரிக்காரரிடம் வாயால் சொல்லி அனுப்புங்கள். அவளுக்கு இரத்தம் பார்க்கும் கருவி கொண்டு வருகிறேன்.

மற்றது பிறகு.

மகள்


மார்ச் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

அறுபத்து மூன்று பேருக்குக் கொடுத்தோம். காய்ச்சலில் இருந்த இரண்டு பேருக்கு நேற்று உதவியாளர் வந்து கொடுத்துவிட்டாள். யாருக்கும் மயக்கம் இல்லை. குண்டூசி மட்டும் வாந்தி எடுத்தான், அதுவும் மாத்திரையால் அல்ல, இரண்டு குடம் தண்ணீரில் பாதியை அவனே குடித்ததால்.

மண் தின்ற அந்தப் பதினான்காம் அறைப் பெண்ணுக்கு இரத்தம் இருக்க வேண்டியதில் பாதிதான் இருக்கிறது. இரும்புச் சத்து மருந்து அவள் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். காலையும் மாலையும் கொடுத்தார்களா என்று தண்ணீர் பிடிக்க வரும்போது கேளுங்கள். கேட்டால் போதும், அதட்ட வேண்டாம்.

அன்று வேலை முடிந்ததும் நீங்கள் என்னிடம் பேசுவதற்காகப் பக்கத்தில் வந்து நின்றீர்கள். நான் பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். எழுதுவதற்கு அவ்வளவு இல்லை. வண்டியில் ஏறிய பிறகு உதவியாளர், "ஏங்க்கா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசலையே" என்றாள். தலைவலி என்று சொன்னேன்.

உங்கள் பதினைந்தாம் தேதிக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும்.

நீங்கள் என்னை அடித்ததை நான் எப்போதோ மனதிலிருந்து விட்டுவிட்டேன். நர்ஸ் பயிற்சியில் கொக்கிப்புழு பாடம் நடந்த அன்றே விட்டேன். உங்களுக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, அந்தக் காலத்தில் சூளையில் யாருக்கும் தெரியாது. அதை நினைத்து நீங்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளிக்கூடம் அப்படி இல்லை, அப்பா. மூன்றாவது சூளைக்குப் பக்கத்திலேயே பள்ளி இருந்தது. தம்பிக்கு ஐந்து வயது ஆனதும் கையைப் பிடித்து நீங்களே கொண்டுபோய் விட்டீர்கள். எனக்குப் பன்னிரண்டு வயது, வாசலில் நின்று பார்த்தேன். மறுநாள் என்னைக் களத்தில் இறக்கினீர்கள். அவன் புத்தகத்தை அவன் தூங்கும்போது வாசித்துத்தான் நான் படித்தேன், பிறகு தனியாகப் பரீட்சை எழுதினேன். நீங்கள் தெரியாமல் செய்தது அல்ல அது. விட்டுவிடத்தான் பார்க்கிறேன். முடியவில்லை. முடிந்துவிட்டது என்று பொய்யாக எழுத மனம் வரவில்லை.

அன்று சூளைக்கு வரும் வழியில் அந்தத் தலைமையாசிரியரைப் பார்த்தேன். எந்தக் காகிதமும் இல்லாமல், மழைவரை எத்தனை பிள்ளைகள் வந்தாலும் உட்கார வைக்கிறேன் என்கிறார். அம்மாக்களிடமும் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "இவ போயிட்டா குழந்தையை யாரும்மா பார்க்கிறது?"

பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

மகள்


ஏப்ரல் 8

அன்புள்ள மகளுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுதி எழுதி மூன்று தாள் கிழித்தேன். நீ எழுதியது சரி. இந்த நாலாவது தாளில் அவ்வளவுதான் எழுத முடிகிறது.

மோட்டார் அறைக்குப் பக்கத்தில் சாக்கு போட்டு வைக்கிற அறை ஒன்று சும்மா கிடந்தது. மேஸ்திரியைக் கேட்டேன்.

"எதுக்கு பெரியவரே?"

"குழந்தைங்களைப் பார்த்துக்க."

"யாரு, நீங்களா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களை யாரு பார்த்துக்கிறது?"

இருந்தாலும் சாவியைக் கொடுத்தார். சாக்கையெல்லாம் எடுத்துவிட்டு, தரையை மெழுகி, தார்ப்பாய் விரித்தேன். வாசலுக்குக் குறுக்கே முட்டி உயரத்துக்குக் கல் அடுக்கியிருக்கிறேன். தாழ்ப்பாள் இல்லை. பதினான்காம் அறையின் அம்மாதான் முதலில் குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். அன்று அரை மணிக்கு ஒரு தரம் வந்து, குழந்தை முழுசாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இப்போது பார்ப்பதில்லை. நான்கு பெண்கள் பள்ளிக்குப் போகிறார்கள். பதினான்காம் அறைப் பெண்ணும் போகிறாள். மருந்து காலையும் மாலையும் கொடுக்கிறார்கள், கேட்டேன், அதட்டவில்லை.

என்னிடம் நான்கு குழந்தைகள், காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை. ஒன்று தூங்கினால் ஒன்று எழுந்துவிடுகிறது. ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு. ஒன்று என் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைக்கிறது. நேற்று தொட்டி நிரம்பி வழிந்து களம்வரை தண்ணீர் போய்விட்டது, நான் மோட்டாரை நிறுத்த எழுந்திருக்க முடியவில்லை. ஒன்றுக்குப் போகவும் முடியவில்லை. பத்து மணிக்கே அழுகை வந்துவிடும் போல இருந்தது, எனக்குத்தான். இந்தக் கடிதத்தையும் மடியில் ஒன்றை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், நாலு நாளாக எழுதுகிறேன்.

நான்கு மணி நேரத்தில் முதுகு விட்டுப்போகிறது. ஒரு மணிக்கு அந்தப் பெண்கள் வந்து குழந்தைகளை வாங்கிக்கொள்கிறார்கள், நான் போய்ப் படுத்துவிடுகிறேன். உன்னிடமிருந்து வாங்கிக்கொள்ள இருட்டும்வரை யாரும் வந்ததில்லை. தம்பி பிறந்தபோது உனக்கு ஏழு வயது.

இப்படிக்கு,
அப்பா